எலும்புக்கு நல்ல மாத்திரை

"சொல்லாம இருக்கது வேற, மறைக்கது வேற" என்று எங்கள் அப்பா சொல்வார். அதற்குப் பிறகு இன்னொரு வரியும் உண்டு. அதுதான் ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது. எந்த இடத்தில் நிறுத்துவார், எப்படிக் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைப்பார், எல்லாம் கண்ணுக்குள் நிற்கிறது. வரி மட்டும் போய்விட்டது. போகட்டும். எனக்கு முதல் பாதியே போதும்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன் அண்ணாச்சி. இல்லாவிட்டால் இந்த விஷயத்தில் நான் வாய் திறக்கிறவன் இல்லை. முதலில் ஒன்று சொல்லுங்கள், உங்களுக்கு எந்த ஊர்? அருப்புக்கோட்டையா? செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர்ப் பக்கம் சொந்தபந்தம் உண்டா? கொள்வினை கொடுப்பினை? ஒன்றும் கிடையாதே? அப்படியென்றால் சரி. சாரல் விழுகிறது, குற்றாலத்தில் குளிக்கப் போகிறீர்கள். குளித்துவிட்டு ஊருக்குப் போய்விடுவீர்கள். உங்களிடம் சொல்லலாம்.

முன்னால் பெண்கள் சீட்டில் ஜன்னலோரம் தூங்குகிறாளே, அவள்தான். குளத்துப்புழையில் வண்டி நின்றபோது நான் மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, வீட்டம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டீர்கள். வீட்டம்மா இல்லை. என் தங்கை. குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர். வீட்டில் குழலி. எனக்கும் அவளுக்கும் பதினேழு வயது வித்தியாசம். அவள் பிறந்தபோது காலேஜில் கூட்டாளிகள் கேலி செய்வார்களே என்று எனக்கு ஒரே வெட்கம். பிறகு அப்பா போய்விட்டார். அதற்கப்புறம் அவளுக்கு அண்ணனும் நான்தான், அப்பாவும் நான்தான்.

ஆமாம், திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போய்விட்டு வருகிறோம். திருநெல்வேலியில் நரம்பு டாக்டர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறார்கள், கைராசிக்காரர்கள். ஆனால் அங்கே போய் பெஞ்சில் உட்கார்ந்தால், பக்கத்தில் வந்து உட்காருகிறவர் நமக்கு ஒன்றுவிட்ட சித்தப்பாவாக இருப்பார். "என்ன குமாரு, இங்ஙன?" என்பார். என்ன பதில் சொல்வது? காரும் வைத்துக்கொள்வதில்லை. உள்ளூர் டிரைவர் வாய் சும்மா இருக்காது. பஸ்தான் நல்லது. மலையைத் தாண்டிவிட்டால் நம்மைத் தெரிந்தவன் கிடையாது. எனக்கு மலையாளம் எழுதப் படிக்க வரும். பத்தாவது வரை செங்கோட்டையில் தமிழில் படித்தேன், அதற்கு மேல் புனலூரில். இரண்டு பாஷை தெரிந்தவனுக்கு ஒரு வசதி உண்டு அண்ணாச்சி. ஒரு பாஷையில் பேசியது இன்னொரு பாஷைக்குத் தெரியவேண்டியதில்லை. ஊரில் பத்மநாபசாமி கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரி பிரசாதம் எங்கே என்பாள். கிழக்கேகோட்டையில் நேந்திரங்காய் வற்றல் வாங்கி வைத்திருக்கிறேன். சமாளித்துவிடலாம்.

இன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தாவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர். பெருவிரலும் சுட்டுவிரலும் எதையோ உருட்டுகிற மாதிரி உருட்டிக்கொண்டே இருக்கின்றன. நடுக்குவாதம். நடந்து வந்தவர் கதவு நிலைக்கு வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிட்டார். அவர் மனைவி பக்கத்தில் நின்று, பள்ளிக்கூடத்து டிரில் மாதிரி லெஃப்ட், ரைட் என்று சொன்ன பிறகுதான் கால் எழுந்தது. மூளையில் ஊறவேண்டிய ஒரு சத்து வற்றிப்போவதால் வருவது. மாத்திரை உண்டு, கொஞ்ச வருஷம் ஓட்டலாம், குணமாகாது. இன்னொரு ஆளுக்குப் பக்கவாதம். வாய் கோணி, வலது கை தொங்குகிறது. அது வந்த உடனே, சில மணி நேரத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி இருக்கிறது. இவர்கள் புறா வாங்கப் போயிருக்கிறார்கள். புறா ரத்தத்தைச் சூட்டோடு தடவினால் கை வந்துவிடும் என்று யாரோ சொன்னானாம். புறாவும் போச்சு, கையும் போச்சு. ஒற்றைத் தலைவலிக்காரப் பெண் ஒருத்தி, வெளிச்சம் ஆகாமல் துப்பட்டாவைக் கண்ணில் கட்டிக்கொண்டு கிடந்தாள். மறதி நோய் வந்த ஒரு அம்மாள், பெற்ற மகனைப் பார்த்து, மீதிச் சில்லறையைக் கொடு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவன் பாவம், பையைத் துழாவிக் கொடுத்தான்.

அதில் ஒன்று கவனித்தேன். எல்லாரும் அவரவர் நோயைச் சத்தமாகச் சொல்கிறார்கள். என் நடுக்கம் இப்படி, என் தலைவலி அப்படி என்று பேசிக்கொள்கிறார்கள். பேசாமல் இருப்பது ஒரே ஒரு கூட்டம். மூலையில், சுவரைப் பார்த்து. அவர்கள் எல்லாம் வலிப்புக்காரர்கள். பக்கவாதம் வந்தவர் வீட்டுக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போகிறோம். வலிப்பு வந்த வீட்டுக்கு யாராவது ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறீர்களா?

ஆமாம். குழலிக்கு அதுதான். வலிப்பு.

பயப்படாதீர்கள், இப்போது மாத்திரை போட்டிருக்கிறாள், வராது. ஒருவேளை வந்தாலும் உங்கள் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். இரும்பைப் பிடித்து நின்றதாகச் சரித்திரம் இல்லை. அது தானாகத்தான் நிற்கும், நிற்கிற நேரத்தில் யார் கையில் சாவி இருந்ததோ அவனுக்குப் பெயர். ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக்கூடாது. அழுத்திப் பிடிக்கக்கூடாது. தலைக்கு அடியில் ஒரு துணி. ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரி. அவ்வளவுதான்.

இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறானே என்று பார்க்கிறீர்கள். என் தொழிலே அது. ஓமானில், சலாலாவில், ஒரு ஆஸ்பத்திரியில் இ.இ.ஜி. எடுக்கிற வேலை. தலை முழுக்கக் களிம்பு வைத்துக் கம்பிகளை ஒட்டுவேன். மூளைக்குள் ஓடுகிற மின்சாரத்தை மிஷின் வரைந்து காட்டும். வலிப்பு என்பது வேறொன்றும் இல்லை அண்ணாச்சி, அந்த மின்சாரத்தில் ஒரு இடத்தில் பொறி தட்டுவது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஒட்டகம் மேய்க்கிறவனுக்கும் எடுத்திருக்கிறேன், பெரிய பெரிய ஷேக்குகளுக்கும் எடுத்திருக்கிறேன். மிஷினில் எல்லாருக்கும் ஒரே அலைதான். சிலருக்குச் சும்மா எடுத்தால் தெரியாது. அவர்களை முந்தின ராத்திரி தூங்காமல் இருந்துவிட்டு வரச் சொல்வோம். தூக்கம் கெட்டால், ஒளிந்திருப்பது வெளியே வந்துவிடும். தூக்கம் கெடக்கூடாது, வேளை தவறி மாத்திரை போடக்கூடாது, இந்த இரண்டையும் அரபியில் எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன்! இதற்காகவே ஒரு அரபிக்காரக் கிழவர் என் கையில் முத்தம் கொடுத்தார்.

குழலிக்கு முதலில் வந்தது பதினாலு வயதில், பள்ளிக்கூடப் பிரேயரில். அப்போது நான் சலாலாவில். அம்மா போனில் மயக்கம் என்று சொன்னாள். மறுபடியும் மயக்கம். மறுபடியும் மயக்கம். நான் லீவு போட்டு வந்து பார்த்தால், பிள்ளை கழுத்தில் தாயத்து, இடுப்பில் தாயத்து, நெற்றியில் சூடு போட்ட தழும்பு. வந்த கோபத்தில் தாயத்தையெல்லாம் அறுத்து ஆற்றில் வீசினேன். "நான் தெனமும் பாக்குத வேலைம்மா இது! என் தங்கச்சிக்கே மந்திரிக்கியா?" என்று கத்தினேன். அன்றைக்கே திருவனந்தபுரம். ஸ்கேன் எடுத்தார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த மூளைக்காய்ச்சல் ஒரு தழும்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அவ்வளவுதான். பரம்பரையாக வந்ததும் இல்லை, பிள்ளைகளுக்குப் போகப்போவதும் இல்லை. மாத்திரை ஆரம்பித்தோம். நின்றுவிட்டது. படித்தாள். எம்.எஸ்சி. தாவரவியல். வருஷக்கணக்காக ஒரு தடவைகூட வரவில்லை. அந்தப் பிள்ளையை மந்திரவாதி கையிலிருந்து மீட்டவன் நான். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

படிப்பு முடிந்ததும் இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. நான்தான் வேண்டாம் என்றேன். மத்தியான மாத்திரையை ஸ்டாஃப் ரூமில் வைத்தா போடமுடியும்? நாலு டீச்சர்மார் பார்க்கமாட்டார்களா? வீட்டில் ராணி மாதிரி இருந்தாள். மாடியில் தொட்டி தொட்டியாகச் செடி வைத்து, ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத பெயர் சொல்லுவாள். அம்மா போன பிறகு நான் ஊரோடு வந்துவிட்டேன். வந்ததும் முதல் வேலை இவளுக்கு மாப்பிள்ளை பார்த்தது.

ஆவுடையப்பன் என்று பையன். கடையநல்லூர். கரண்ட் ஆபீசில் வேலை. அம்மா மட்டும்தான், அப்பா இல்லை, பிக்கல் பிடுங்கல் இல்லாத வீடு. பார்த்ததும் பிடித்துவிட்டது. குழலி அன்றைக்கு அடுப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, அவங்ககிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லுதேன், சொல்லுதேன். நேரம் வரும்போது சொல்லுதேன்."

"தாலி கட்டுததுக்கு முந்தியா, பிந்தியா?"

அவளுக்கு வாய் அப்படித்தான். சிரித்துக்கொண்டே குத்துவாள். நான் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை. பெண்ணுக்கு வலிப்பு உண்டா என்று அவர்கள் கேட்டு, நான் இல்லை என்று சொல்லியிருந்தால் அது பொய். அவர்கள் கேட்டதெல்லாம் பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்பதுதான். தெரியும் என்றேன். அது உண்மை.

மாத்திரை விஷயத்தை நான் சும்மா விடவில்லை. யோசித்தேன். அந்த அட்டையோடு கொண்டுபோனால் யாராவது மருந்துக்கடையில் கேட்டுவிடுவார்கள். சலாலாவிலிருந்து நான் கொண்டுவந்த கால்சியம் மாத்திரை டப்பா ஒன்று காலியாகக் கிடந்தது. சுற்றிலும் அரபி எழுத்து. பார்க்கவும் அந்தஸ்தாக இருந்தது. எல்லா மாத்திரையையும் அட்டையிலிருந்து பிரித்து அதில் போட்டு, "முடி உதிராம இருக்க அண்ணன் வெளிநாட்டுலேர்ந்து கொண்டுவந்தான்னு சொல்லு" என்று கையில் கொடுத்தேன்.

டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணே, கடையநல்லூர்ல தெருவுக்கு நாலு வீடு சவுதி, துபாய்னு இருக்காவ. இத வாசிக்க ஆளா இல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சமாளித்தேன். "வாசிச்சா நல்லதுதான். கால்சியம்னுதான் இருக்கு. எலும்புக்கு நல்லதுன்னு போட்டிருக்கு. விஷம்னா போட்டிருக்கு?"

அதுதான் வினையாகிவிட்டது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தலை தீபாவளிக்கு இருவரும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை மாடி ஏறிப்போய் ஒவ்வொரு தொட்டியாகப் பெயர் கேட்டுக்கொண்டிருந்தார். கீழே வரைக்கும் சிரிப்புச் சத்தம். நான் என் மனைவியிடம் சொன்னேன், பார்த்தாயா, எல்லாம் நான் போட்ட கணக்குப்படி நடக்கிறது என்று.

கடையநல்லூருக்குப் பொங்கல்படிச் சீர் கொண்டுபோனபோதுதான் விஷயம் தெரிந்தது. எதிர்வீட்டில் காதர் பாய் என்று ஒருவர், ரியாத்தில் கடை வைத்திருந்து வந்தவர். சம்பந்தியம்மாள் அந்த டப்பாவை அவரிடம் கொண்டுபோய் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். அவரும் ஒழுங்காக வாசித்து, "எலும்புக்கு நல்ல மாத்திரை, மூட்டுவலிக்கெல்லாம் கேக்கும்" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாளுக்கு முட்டி வலி. அன்றைக்கு ஆரம்பித்தாள் பாருங்கள், தினம் ஒன்று! என்னிடமே சொல்கிறாள்: "தம்பி, ஒங்க மாத்திரை என்ன மாத்திரைங்கியோ! முட்டி வலி கூடக் கொறையல, ஆனா அடிச்சுப் போட்ட மாதிரித் தூக்கம் வருது. எத்தன வருசமாச்சு நான் இப்படித் தூங்கி!"

தூக்கம் வராமல் என்ன செய்யும்? வலிப்பு மாத்திரை அல்லவா? ஒருநாள் மத்தியானம் தலைசுற்றிக் கொல்லையில் விழுந்தும் இருக்கிறாள். அதற்கும் சத்துக் குறைவு என்று சொல்லி இன்னொன்று போட்டிருக்கிறாள். அவள் தங்கச்சி வந்தால் அவளுக்கும் நாலு பொட்டலம் மடித்துக் கொடுக்கிறாள். வெளிநாட்டுச் சாமான் என்றால் நம் ஆட்களுக்கு இருக்கிற ஆசை இருக்கிறதே!

குழலி அடுப்படியில் என் காதோடு சொன்னாள். "அண்ணே, டப்பா பாதிதான் இருக்கு. அத்தை கேட்டா நான் எப்படிக் கொடுக்க மாட்டேன்னு சொல்ல? நேத்து நான் எடுத்து ஒளிச்சு வச்சேன். 'ஒங்க அண்ணன் கொண்டுவந்தது எனக்குக் கெடையாதா'ன்னு முகத்தத் தூக்கிட்டாவ. நான் அவர்ட்ட உள்ளதச் சொல்லிருதேன். அவர் ஒண்ணும் சொல்லமாட்டாரு. எனக்குத் தெரியும்."

"பைத்தியக்காரி. கல்யாணம் முடிஞ்சு ஆறு மாசம் ஆகல. வாயத் தொறக்காத. கொடுக்கலன்னாதான் சந்தேகம் வரும். நான் சிவராத்திரி கழிஞ்சு வாரேன், நெறையக் கொண்டாரேன். அதுவரைக்கும் நீ பாதி பாதியா ஒடச்சுப் போட்டுக்கோ."

"பாதி போட்டா போதுமாண்ணே?"

"வருசக்கணக்கா வரலைல்லா? போதும்."

உடனே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. எப்படிப் போவது? சும்மா சும்மா சம்பந்தி வீட்டு வாசலில் போய் நின்றால் மரியாதையா? எதற்கும் ஒரு முறை இருக்கிறது.

சிவராத்திரிக்கு முந்தின நாள் போன் செய்தாள். விரதமாம். கோயிலில் விடிய விடிய முழித்திருக்க வேண்டுமாம். "ஒடம்பு சரியில்லன்னு படுத்துக்கிடவாண்ணே?" என்று கேட்டாள். புது மருமகள், முதல் சிவராத்திரி. படுத்துக்கொண்டால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? "ஒரு ராத்திரிதானே குழலி, பல்லக் கடிச்சுக்கிட்டு இரி" என்றேன். அண்ணன் சொன்னால் கேட்பாள். இருந்துவிட்டாள்.

மறுநாள் காலை. விரதச் சோறு. பெரிய பானையில் வைத்து, கஞ்சி வடிக்கச் சாய்த்திருக்கிறாள். அப்போது வந்திருக்கிறது. கொதிக்கிற பானையோடு விழுந்துவிட்டாள். இடது கை தோளிலிருந்து விரல் வரைக்கும், தொடை ஒன்று. அந்தக் கையைத்தான் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். விரல் மூன்று ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டது. இனி பிரிக்க ஆபரேஷன் செய்தாலும் முழுசாக மடங்காது என்கிறார்கள்.

அந்த மாமியாரின் பேராசையைப் பார்த்தீர்களா? ஒரு மருமகளின் மாத்திரையையா தின்பது?

இருங்கள், நான் ஆத்திரப்படுவது அதற்குக்கூட இல்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான். நான் தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டிலைச் சுற்றி மாப்பிள்ளை, அவர் அம்மா, ஒரு சின்ன வயது டாக்டர். மாப்பிள்ளைக்குக் கையெல்லாம் கொப்புளம். வெறும் கையால் பானையைத் தள்ளி அவளை இழுத்திருக்கிறார். டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார், "பேஷண்டுக்கு இதுக்கு முன்னாடி ஃபிட்ஸ் வந்திருக்கா?"

நான் இல்லை என்றேன். கணீரென்று சொன்னேன். "இதுதான் மொத தடவை டாக்டர். விரதம், தூக்கமில்ல, அதான்." அத்தோடு முடிந்திருக்கும் அண்ணாச்சி. நம்பிவிட்டார்கள். மாப்பிள்ளை முகத்தில் ஒரு தெளிவு வந்ததை நான் பார்த்தேன். டாக்டர் எழுத ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. கட்டுப்போட்ட கையோடு, கண்ணைக்கூட முழுசாகத் திறக்க முடியாமல் கிடந்தவள். "வந்திருக்கு டாக்டர். பதினாலு வயசுலேர்ந்து இருக்கு. அந்த டப்பாவுல இருக்கது கால்சியம் இல்ல. அது என் வலிப்பு மாத்திரை."

பத்து விரலையும் வைத்து நான் கட்டின வீட்டை ஒரே வாயில் இடித்துப் போட்டாள். உயிரைக் கொடுத்து நான் காப்பாற்றிக்கொண்டு வந்ததை! இன்றைக்குவரைக்கும் நான் அவளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனதுக்குள் வைத்திருக்கிறேன்.

சம்பந்தியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தலையில் அடித்துக்கொள்கிறாள். "ஏட்டி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அதக் கையால தொடுவனா? ஒன் மாத்திரையவா நான் தின்னேன்? தம்பி, நீங்களாவது பொங்கலன்னைக்குச் சொல்லியிருக்கக்கூடாதா? நான் ஒங்ககிட்டயே பெருமையாச் சொன்னேனே!" என்று ஒரே அழுகை. நடிப்பு. தன் தப்பை என் தலையில் ஏற்றிவிடப் பார்த்தாள்.

மாப்பிள்ளை அம்மாவைத் தரையிலிருந்து எழுப்பி உட்காரவைத்தார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டார். "மச்சான், கல்யாணத்துக்கு முந்தி சொல்லியிருந்தா நான் கட்டியிருப்பேனா, மாட்டேனான்னு எனக்குத் தெரியல. பொய் சொல்ல மாட்டேன். ஆனா இப்ப அவ என் பொண்டாட்டி. கை இப்படிக் கிடக்கையில விட்டுட்டுப் போவ மாட்டேன். ஒண்ணே ஒண்ணு. எங்க அம்மா மருமகளக் கொல்லப் பார்த்தான்னு ஊர்ல பேச ஆரம்பிச்சுட்டாவ. நீங்க ஒருநாள் வந்து எங்க பெரியப்பா, சித்தப்பா முன்னால, 'நாங்கதான் சொல்லல'ன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அது போதும்."

கேட்டீர்களா? நான் போய் நாலு பேர் மத்தியில் நின்று என் தங்கைக்கு வலிப்பு என்று சொல்லவேண்டுமாம். மரியாதை தெரிந்த ஆள் கேட்கிற கேள்வியா இது? எனக்கு வீட்டில் ஒரு மகள் இருக்கிறாள் அண்ணாச்சி. பிளஸ் டூ. அத்தைக்கு வலிப்பு என்று ஊருக்குள் ஒரு தடவை விழுந்துவிட்டால் நாளைக்கு அவளை யார் எடுப்பார்கள்? பரம்பரையாக வராது என்று எனக்குத் தெரியும். பெண் பார்க்க வருகிறவர்களை உட்காரவைத்து ஸ்கேனையா விளக்கிக்கொண்டிருக்க முடியும்?

குழலியை நேராக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வக்கீலிடம் கேட்டேன். வலிப்பைக் காட்டி யாரும் விவாகரத்து வாங்க முடியாது, அந்தச் சட்டமெல்லாம் எப்போதோ மாறிவிட்டது, அவர்களால் உங்கள் தங்கையைத் தள்ளிவைக்க முடியாது என்றார். அவர்களா தள்ளிவைக்கிறார்கள்? நாம் கேட்டால் கிடைக்குமா என்றேன். அந்த அம்மாள் செய்ததைச் சொன்னால் கிடைக்கும், எதற்கும் உங்கள் தங்கையை ஒரு வார்த்தை கேளுங்கள் என்றார். அவளை என்ன கேட்பது? அவளுக்கு நல்லது கெட்டது எப்போது தெரிந்தது?

இந்த மூன்று நாலு மாதமாக அவள் மாடிக்கே போகவில்லை. செடியெல்லாம் காய்ந்துவிட்டது. என் மகள்தான் கேட்பாள், "அத்தை, தண்ணி ஊத்தவா?" என்று. "எதுக்கு?" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. மாத்திரை அளவைக் கூட்டியிருக்கிறார்கள், அதனால் எந்நேரமும் தூக்கம். அப்படியும் இரண்டு தடவை வந்துவிட்டது. ஒரு தடவை விட்டுப்போன பிறகு பழையபடி கட்டுக்குள் கொண்டுவருவது கஷ்டமாக இருக்கிறது என்று இன்றைக்கு டாக்டர் சொன்னார். மலையாளத்தில்தான் சொன்னார். நான் குழலிக்குச் சொல்லும்போது, நல்ல முன்னேற்றம் இருக்கிறது என்று மாற்றிச் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலையாளம் தெரியாது அவளுக்கு. ஆனாலும் பார்த்தாள்.

இன்னொன்றும் நடந்தது. என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, தமிழ் தெரிந்த டாக்டரம்மா ஒருத்தி அவளிடம் தனியாகப் பேசினாள். என்ன பேசினார்களோ, வெளியே வந்தவள் அழுதிருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் சொல்கிறாள்: "அண்ணே, நான் அவருக்குப் போன் பண்ணிட்டேன். டாக்டரம்மா போன்லேர்ந்து. செங்கோட்டை பஸ் ஸ்டாண்டுல வந்து நிப்பாரு. நீ யார்ட்டயும் ஒண்ணும் சொல்லவேண்டாமாம். பெரியப்பாகிட்ட அவரே பேசிக்கிடுவாராம். தென்காசியில தனியா வீடு பார்த்திருக்காராம். நான் அவர்கூடப் போறேன். போகட்டுமாண்ணே?"

என்னிடம் அனுமதி கேட்கிறாள், பாருங்கள். அந்தப் பழக்கம் போகவில்லை. நான் தலையை ஆட்டினேன். சரி என்றா, சரியில்லை என்றா என்று அவள் எப்படி எடுத்துக்கொண்டாளோ, பைக்குள்ளிருந்து ஒரு பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். ஒற்றைக் கையால் வைத்தது. கோணலாக இருக்கிறது, தெரிகிறதா உங்களுக்கு? நாலு மாதத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான் பூ வைத்திருக்கிறாள்.

அந்தப் பையன் நல்லவன்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அவன் இவளைத் தென்காசியில் கொண்டுபோய் வைப்பான். ஒளிவு மறைவு இல்லாதவன். பக்கத்து வீட்டில் சொல்வான். மருந்துக்கடையில் பெயர் சொல்லி மாத்திரை கேட்பான். இவளும் சொல்வாள். இப்போதுதான் வாய் திறந்துவிட்டதே. ஒரு மாதத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். இத்தனை வருஷம் ஒரு குருவிக்குக்கூடத் தெரியாமல் நான் பொத்திப் பொத்தி வைத்தது எதற்கு? அவளுக்காகத்தானே? நீங்களே சொல்லுங்கள்.

கோட்டைவாசல் தாண்டிவிட்டது. இனி இறக்கம்தான். இந்த வளைவில் அவள் தலை ஜன்னல் கம்பியில் இடிக்கும். பக்கத்தில் இருக்கிற அம்மா கையை வைத்துத் தாங்கிக்கொள்கிறாள், நல்ல மனுஷி.

கொஞ்சம் வழி விடுங்கள் அண்ணாச்சி, பையை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் உட்காருங்கள், உங்களுக்கு இன்னும் தூரம் இருக்கிறது. செங்கோட்டைக்கு முன்னால் புளியரை ஸ்டாப் வரும். அங்கே என் மனைவியின் அக்கா வீடு இருக்கிறது. திருவனந்தபுரத்தில் வண்டி ஏறி டிக்கெட் எடுக்கும்போதே நான் புளியரைக்குத்தான் எடுத்தேன்.

கண்டக்டர், புளியரையில் இரண்டு பேர் இறங்கணும்.